ஆறு வெயில்

பரிமளா மலாவிக்குக் கிளம்புவதற்கு முன்னால் பதினோரு ஜாடிகளை நிரப்பி, வாய்க்குத் துணி கட்டி, பரண்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். கொட்டை எடுத்து உப்புப் போட்ட புளி, எலுமிச்சை ஊறுகாய், கத்தரி வற்றல், தாளிப்பு வடகம் என்று ஒவ்வொன்றின் மேலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி, எந்த மாதம் எதைத் திறப்பது என்று எழுதியிருந்தாள். உத்திரமேரூரில் பதினைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். சபை அவளை ஆப்பிரிக்காவில் அந்த மலாவி நாட்டு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இரண்டு வருஷ ஊழியத்துக்கு அனுப்பியது. ஜாடி எல்லாம் காலியாகிற நேரம் நான் வந்துடுவேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

ஏசுதாஸ் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டான். உத்திரமேரூர்ப் பக்கம் பெருநகர் என்ற அவர்கள் ஊரில் நல்ல கொத்தனார் என்று பெயரெடுத்தவன், ரசமட்டம் வைத்து மனுஷர்களையே அளக்கிற ஆள். ஆனால் பொண்டாட்டி விஷயத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அவனைவிட விவரம் உண்டு. ஜாடி சீக்கிரம் காலியானால் அவளும் சீக்கிரம் வருவாள் என்பதுபோல வேளைக்கு மூன்று துண்டு ஊறுகாயைத் தின்று, நாலாம் மாதமே வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கினான். அவன் அக்கா சிட்டம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போன பிறகு தம்பிக்குச் சோறாக்கிப் போடுவதையும், தம்பியைத் திட்டுவதையும் ஒரே கையால் செய்கிறவள்.

"ஊறுகாய இப்பிடித் துன்னா ஏரோப்ளேனு சீக்கிரம் வந்துடுமா? கொடலு வெந்து பூடும்டா" என்றாள். அவன் கேட்கவில்லை.

பதினோராவது ஜாடியில் உப்புக்கண்டம் இருந்தது. அதை மட்டும் அவன் தொடவில்லை; அவள் வந்த பிறகு சேர்ந்து திறக்கலாம் என்று வைத்திருந்தான்.

உப்புக்கண்டம் போடுவது அந்த வீட்டில் இரண்டு பேர் வேலை. மாட்டுக்கறியைக் கொழுப்பில்லாமல் விரல் கனத்துக்கு நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசறி ஊறவைப்பது பரிமளா. விடிந்ததும் கோணி ஊசியில் நூல் கோத்து, துண்டுகளைச் சேர்த்து மாடியில் கொடியாகக் கட்டுவது ஏசுதாஸ். ஒரு துண்டு இன்னொன்றின்மேல் பட்டால் பட்ட இடத்தில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். அதனால் துண்டுக்குத் துண்டு நடுவில் ஒரு முடிச்சு போடுவான். சாரம் கட்டுகிறவர்களிடம் கற்றுக்கொண்ட முடிச்சு அது. இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு இழுத்தால் இறுகுமே தவிர இம்மியும் நகராது. அப்புறம் ஆறு வெயில். தினமும் பனி இறங்குவதற்கு முன்னால் உள்ளே எடுத்துவிட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை காட்ட வேண்டும். கடைசியில் ஒரு துண்டை ஒடித்தால் டக்கென்று சத்தம் வரவேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் அரிந்த கறியை அவன்தான் கோத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்றரை மணிக்குப் பரிமளா போனில் வருவாள். அங்கே அப்போது பன்னிரண்டு மணி. காஞ்சிபுரம் ஹாஸ்டலில் படிக்கிற மகள் ஜெயப்பிரியாதான் அப்பனுக்கு வீடியோவில் பேசச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமளா முகத்தைக் காட்டாமல் போனைத் திருப்பிப் பிடித்தாள்.

"யோவ், தோ பாரு, இன்னா போட்டுக்கீறேன்னு!"

தகரக் கூரை போட்ட வீட்டின் பின்பக்கம். செம்மண். இரண்டு மரத்துக்கு நடுவில் நாலு கொடி உப்புக்கண்டம் வரிசையாகத் தொங்கியது.

"கரண்டு வந்தா வந்துது, இல்லன்னா ரெண்டு நாளிக்கி இல்ல. ஃப்ரிட்ஜில வெச்சதெல்லாம் நாறிப்பூடுது. அதான் போட்டுட்டேன். இங்க கீற பொம்பளைங்க அல்லாம் வந்து கத்துக்கினாங்க. அவுங்க எனக்கு கீர காயவெக்கச் சொல்லிக் குடுத்தாங்கயா. அவிச்சி, புயிஞ்சி, பாறையில பரப்பி வெச்சா வருசம் முச்சூடும் கொயம்புக்கு ஆவுது."

கீரைப் பேச்சை ஏசுதாஸ் கவனிக்கவில்லை. கொடிக்குப் பக்கத்தில் நீளக் கழியோடு ஒரு ஆள் நின்று காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த ஊர்க் காக்காய்க்கு மார்பு வெள்ளை.

"அது யாரு?"

"பீட்டரு. டூட்டி இல்ல இன்னிக்கி. சும்மா குந்திக்கினு இருந்தான், காக்கா ஓட்டுன்னு கழிய கையில குடுத்துட்டேன்."

கழிக்காரன் போனுக்குள் தலையை நீட்டினான். "ஏசண்ணே, ஸ்தோத்திரம்! நல்லாக்கீறியா? பரிமளா கையி கையிதாண்ணே! வாசனையிலயே வயிறு ரொம்பிப்பூடுது!"

பீட்டர் கூரத்துக்காரன். பரிமளாவுக்கு அத்தை மகன். அந்த ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான், இவளுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே போனவன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா இவளைப் பெண் கேட்டு வந்ததும், டிரைவர் வேலை நிலையில்லை என்று பரிமளாவின் அப்பா கொத்தனாருக்குக் கொடுத்ததும் ஊரறிந்த கதை. இரண்டு நாளில் முடிந்துபோன பேச்சு. பீட்டருக்கே அது மறந்திருக்கும். ஏசுதாஸுக்கு மறக்கவில்லை.

அவன் வயிற்றில் நெருப்பைப் போட்டது பீட்டரின் பல்லிளிப்புகூட இல்லை. கொடியில் துண்டுக்குத் துண்டு நடுவில் முடிச்சு இருந்தது. இரண்டு சுற்று சுற்றி இழுத்த முடிச்சு. அவனுடைய முடிச்சு. பரிமளா நூல் பக்கமே வரமாட்டாள், நகம் போய்விடும் என்பாள். அப்படியானால் அங்கே கோத்தது யார்?

கேட்டுவிட்டால் ஒரு நிமிஷ வேலை. கேட்கிற ஆளா அவன்! சரி வெச்சிடு, வேல கீது என்று போனை அணைத்துவிட்டு, கோயில் தெருவில் பூசி முடித்த சுவரை மறுபடி போய்த் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஒரே கேள்வி. நாஷ்டா துன்னியா என்று தொடங்கி, பீட்டரு இன்னா துன்னான் என்றுதான் முடிப்பான். பரிமளாவுக்குச் சிரிப்பு வரும். "அவன் துன்றத நான் இன்னாத்துக்குப் பாக்கப்போறேன்? நீ வேற, பேஜாரு" என்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு எரிந்தது.

அக்டோபர் கடைசியில் பாஸ்டர் சபையில் ஒரு அறிவிப்பு சொன்னார். மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் சகோதரி பரிமளாவை இன்னும் ஒரு வருஷம் இருக்கும்படி கேட்டிருக்கிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். அதோடு நிறுத்தினாரா? "நம்ம பீட்டர் தம்பி அங்கே கூடவே இருக்கிறதால குடும்பத்தார் கவலைப்பட வேண்டியதில்லை" என்றும் சொல்லி வைத்தார். ஆண்கள் பக்கத்திலிருந்த ஏசுதாஸ் பாட்டுப்புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனான்.

அந்த வாரம் பரிமளாவிடம் கேட்டான். "இன்னா முடிவு பண்ணிக்கீற?"

"பாக்கலாம்யா. கிறிஸ்மஸ் அன்னிக்கிச் சொல்றேன்."

"கிறிஸ்மஸுக்கு இன்னாத்துக்கு? இப்ப சொல்லு."

"சொல்றேன்னு சொல்றேனில்ல. அத்த உடு. பாஸ்டரு நவம்பர் மாசம் இங்க மீட்டிங்குக்கு வராராம். அவர் கையில ஒரு நாலு கிலோ கண்டம் போட்டு அனுப்பு. உன் கையால கோத்தது. எனக்கு வோணும்."

"அங்கதான் கொடி கொடியா தொங்குதே."

"அது வேற, இது வேற. முப்பது பேருக்கு வெக்கணும். அனுப்புவியா மாட்டியா?"

அனுப்புகிறேன் என்றான். முப்பது பேரில் ஒருவன் பீட்டர் என்பதைத் தவிர வேறு எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

சிட்டம்மாள் கறி அரிந்து ஊறவைத்துக் கொடுத்தாள். ஏசுதாஸ் கோத்துக் கட்டினான். ஐப்பசி மாதம், நாளுக்கு ஒரு முறை தூறல், செய்யாற்றில் தண்ணீர் வந்திருந்தது. முதல் இரண்டு கொடியை ஒழுங்காக வெயிலில் போட்டு, புகையும் காட்டி, டக்கென்று ஒடிகிற பதத்துக்குக் காயவைத்தான். மீதி எட்டுக் கொடியையும் இரண்டே வெயிலோடு இறக்கிவிட்டான். விரலால் அமுக்கினால் குழிந்தது. சிமெண்டில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கைவைத்துச் சொல்கிற மனுஷன், தெரியாமல் செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஈரக் கறியைக் கீழே அடுக்கி, காய்ந்த இரண்டு கொடியையும் மேலாக வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டினான். வரிசையாக நின்று தின்னட்டும், பல் விளக்கி வந்து தின்னட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். பொறாமை பிடித்தவனுக்கு அந்த நேரத்தில் எதிரி வயிறு மட்டும்தான் தெரியும்; நடுவில் பொண்டாட்டி கை இருப்பது தெரியாது.

பாஸ்டர் வாங்கிப்போக வந்தபோது சிட்டம்மாள் பையைப் பிரித்து மேலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒடித்தாள். டக்கென்றது.

"ஜோரா காஞ்சிக்கீது. மய பேஞ்சும் உட்டுடலடா நீ" என்று தம்பியை மெச்சினாள். பிறகு பாஸ்டரிடம், "ஏர்போட்ல இது இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க ஐயிரே?" என்றாள்.

"கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார் பாஸ்டர். கர்த்தரும் பார்த்துக்கொண்டார். பை போய்ச் சேர்ந்தது.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு போன் வந்தது. பரிமளா எப்போதும் நின்றுகொண்டு, நடந்துகொண்டு பேசுகிறவள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மழை பெய்கிற சத்தம் கேட்டது. சிட்டம்மாளும் தம்பி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்சலு வந்துது" என்றாள்.

"நல்லா இருந்துதா?" என்றான்.

"மேல ரெண்டு கொடி நல்லா இருந்துது. கீய அல்லாம் பூசணம். வெள்ள வெள்ளையா மாவு பூத்தாப்ல. பைய தொறந்ததும் நாத்தம் ரூம்பே தாங்கல."

சிட்டம்மாள் பேச்சுக்கு நடுவில் புகுந்தாள். "இங்க ஒரே மயம்மா பரிமளா! வெய்யிலே அடிக்கல. இவன் இன்னா பண்ணுவான், பாவம்..."

"அக்கா, நீ ரவ சும்மா இரு. மய பேஞ்சா இவன் அடுப்பு மேல கட்டுவான். கீய கீற கறியில ஒரு சொட்டு பொக வாசன கீதா? இல்ல. மேல கீறதுல மட்டும் எப்பிடி வந்துது பொக?" கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பேசினாள். "வேற யாராச்சும் கட்டியிருந்தா தெரியாம பண்ணிட்டாங்கன்னு உட்டுடுவேன். முடிச்சு ஒண்ணொண்ணும் கணக்கா போட்டுக்கீற. ஒரு துண்டு இன்னொண்ணு மேல படல. கையி ஒயுங்கா வேல செஞ்சிக்கீது. உன் கைக்கு ஈரக் கறிய பையில போடத் தெரியாதுயா. நீ தெரிஞ்சிதான் பண்ணிக்கீற."

சிட்டம்மாள் தம்பி முகத்தைப் பார்த்தாள். அதில் எல்லாம் எழுதியிருந்தது. "அடப்பாவி" என்று மட்டும் சொன்னாள்.

"இன்னாத்துக்குயா பண்ண?"

ஏசுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு வயிறு எரிஞ்சிது பரிமளா. ஜூன் மாசத்துலருந்து எரியிது. பீட்டரு துன்னக்கூடாதுன்னு பண்ணேன்."

பரிமளா போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தாள்.

"பீட்டருக்கு பீப்பி கீது. உப்பு நாக்குல வெக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லி மூணு வருசம் ஆவுது. வேகவெச்ச பூசணிக்கா துன்னுக்கினு கீறான் அவன். வாசனைய மோந்துட்டுப் போவான். அதுக்கா இத்தினி?"

ஏசுதாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இன்னும் கேளு. நான் அக்டோபர்லியே லெட்டர் குடுத்துட்டேன், ஒரு வருசம் இருக்க முடியாது, ஊருக்குப் போறேன்னு. கிறிஸ்மஸ் அன்னிக்கி உனுக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அந்தக் கண்டம் நான் கெளம்பறதுக்கு முன்ன இந்த பொம்பளைங்களுக்கு ஆக்கிப் போடறதுக்கு. என் வூட்டுக்காரரு கையால கட்டினது வருது, வருதுன்னு ஒரு மாசமா சொல்லிக்கினு இருந்தேன். முப்பது பேரு சுத்தி நின்னாங்க, பைய பிரிச்சேன். எங்க ஊர்ல மயன்னு பொய் சொன்னேன்யா, உனுக்காவ. அந்த பீட்டருதான், ஏசண்ணன் மய பேயறப்ப இவ்ளோ பண்ணதே பெருசுன்னு சொல்லிக்கினு பைய கொண்டும்போயி பொதைச்சிட்டு வந்தான்."

"பரிமளா..."

"லெட்டர திருப்பி வாங்கிக்கலாம். இன்னும் டைம் கீது. வாங்கிக்கட்டா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

அதற்கப்புறம் ஐந்து ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மூன்றரை மணிக்குச் சுவரோரம் போனை நிறுத்திவைத்துக்கொண்டு நாலரை வரை உட்கார்ந்திருப்பான். இவன் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மகளிடம் பேசினாள், நாத்தனாரிடம் பேசினாள். இவன் போனுக்கு ஒரு நட்சத்திரப் படம் மட்டும் வந்தது. பத்து ஜாடியும் காலியாகி, கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. சிட்டம்மாள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். வாய் ஓயாத அக்கா அப்படிப் போனது அவனுக்குத் திட்டைவிட வலித்தது.

புத்தாண்டு கழித்து நாலாம் தேதி ஒரு மெசேஜ் வந்தது. சுருக்கமாக எழுதியிருந்தாள். பதினேழாம் தேதி காலையில் வருகிறேன். நீ கண்டம் போட்டு வை. நான் மாடிக்கு வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வீட்டுக்குள் வைப்பதா, அதே வண்டியில் கூரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதா என்று சொல்வேன்.

ஏசுதாஸ் மறுநாளே வேலைக்குப் போவதை நிறுத்தினான். உத்திரமேரூர் போய்த் தொடைக்கறி வாங்கிவந்தான். அரிவதற்கு அக்காவைக் கூப்பிடவில்லை. தானே அரிந்தான், தானே பிசறினான், கையில் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு மிளகாய்த்தூள் பட்டுத் துடித்தான். மார்கழிப் பனி பொல்லாதது. மாடியில் வெயில் ஏறுகிற வரைக்கும் கொடியைக் கொண்டுவர மாட்டான். ஏறியதும் கட்டி, அரைமணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு துண்டாகத் திருப்பி, நிழல் நகர நகரக் கொடியையும் நகர்த்தினான். பொங்கலன்று ஊரே பானையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் கழியும் கையுமாகக் காக்காய் ஓட்டினான்.

சிட்டம்மாளுக்கு அதற்குமேல் வாயைக் கட்ட முடியவில்லை. படியேறி வந்து பார்த்தாள். "ஆறு வெய்யிலு எப்பவோ ஆயிடுச்சேடா, இறக்கேன்."

"ஈரம் இருந்துதுன்னா?"

"இன்னாத்துக்கு இருக்கும்? ஒடிச்சிப் பாரு."

ஒடித்தான். டக்கென்றது. இருந்தாலும் அவன் இறக்கவில்லை.

பதினேழாம் தேதி ஒன்பது மணிக்கு வண்டி வந்து நின்றது. பரிமளா இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள். பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டு, வண்டிக்காரனிடம், "ரவ நில்லுப்பா, இன்னும் முடிவாவல" என்றாள். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினாள். ஏசுதாஸைப் பார்க்காமல் நேராக மாடியேறினாள். அவன் பின்னால் ஏறினான்.

கொடியில் நடுவாக ஒரு துண்டை இழுத்தாள். அப்புறம் கீழ்க்கொடியில் ஒன்று. ஓரத்தில் ஒன்று. மூன்றையும் மோந்து பார்த்தாள். ஒடிக்கப் போனாள், ஒடியவில்லை. பல்லில் வைத்துக் கடித்தாள். அப்போதும் ஒடியவில்லை.

"எத்தினி வெய்யிலு போட்ட?"

"பத்து."

"பத்தா! ஆறு தானய்யா? மரக்கட்டையாட்டம் கீது. யாரு துன்றது இத்த?"

"பயமா இருந்துது. அதான் இறக்கல."

பரிமளா அவனை அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரை போடுகிற ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு துண்டு கண்டம். ஓரமெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது.

"இது நீ அனுப்பினது. ஒண்ணே ஒண்ணு எடுத்து, சொரண்டி, உப்புத் தண்ணியில கொதிக்க வெச்சி, மறுபடி ஆறு வெய்யிலு போட்டு வெச்சேன். துன்னு."

வாங்கி வாயில் போட்டான். மென்றான். நாற்றம் போயிருந்தது. கசப்பு போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்பிடி கீது?"

"கசக்குது."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துது, முப்பது பேரு முன்னால. முயுங்கு."

முழுங்கினான். அவள் அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிக் கீழே குரல் கொடுத்தாள். "அக்கா! வண்டிய போவச் சொல்லு. பெட்டிய உள்ள வெய்யி!"

"பத்து ஆளு வெயிட்டு கீதுடி இது! உன் புருசன வந்து தூக்கச் சொல்லு!"

ஏசுதாஸ் இரண்டிரண்டு படியாக இறங்கினான். பெட்டிக்குப் பூட்டு உடைந்திருந்தது. குறுக்கே ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முடிச்சு என்று அதைச் சொல்ல முடியாது. கயிற்றை மேலும் கீழுமாக ஏழெட்டுத் தடவை சுருட்டி, நுனியை உள்ளே செருகியிருந்தது. சென்னை வரைக்கும் அவிழாமல் வந்ததே அதிசயம்.

"இத்த யாரு கட்டினது?" என்றான், படியில் இறங்கி வந்தவளிடம்.

"பீட்டருதான். ஒரு முடிச்சு போடத் தெரியுதா பாரு அந்த ஆளுக்கு! எத்தினியோ வாட்டி சொல்லிக் குடுத்தேன், வரல. அந்த பொம்பளைங்க ஒரே நாளுல கத்துக்கினாங்க, நீ போட்ற முடிச்ச. என் நகம் நாலும் போச்சி அவுங்களுக்குச் சொல்லிக் குடுத்து."

ஏசுதாஸ் குனிந்து கயிற்றின் நுனியை ஒரு விரலால் இழுத்தான். மொத்தமும் அவிழ்ந்து அவன் காலடியில் விழுந்தது. வாயில் கசப்பு இன்னும் இருந்தது. அப்படியும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஜூன் மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் சிரித்தான்.

"இன்னாத்துக்குயா சிரிக்கிற?" என்றாள் பரிமளா.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.